பலகாரச் சட்டியில் பாமாயில்: சட்டம் எதைப் பார்க்கிறது

மதுரை செல்லூரில் வீட்டிலேயே முறுக்கும் காரச்சேவும் போட்டுச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளுக்குக் கொடுத்துவரும் ஒரு சகோதரி நான்கு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். பாமாயில் பெட்ரோலியக் கழிவிலிருந்து எடுக்கப்படுவதாக வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா. மொத்தக் கடையில் டின்னிலிருந்து இறைத்துத் தரும் எண்ணெயை வாங்கலாமா. பொரித்த எண்ணெயை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம். ரேஷன் பாமாயிலைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் குற்றமா. எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான்கில் இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து; ஆகையால் அதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் வாட்ஸ்அப் செய்தி. பாமாயில் ஒரு பழத்தின் எண்ணெய். நம் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் பனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்ப் பனை என்னும் வேறொரு மரத்தின் குலையிலிருந்து வருவது அது. மலேசியத் தமிழர்கள் அதைச் செம்பனை என்பார்கள். பழத்தின் சதையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் கிடைப்பது பாமாயில்; உள்ளிருக்கும் கொட்டைப் பருப்பிலிருந்து எடுப்பது பருப்பெண்ணெய், அது தேங்காய் எண்ணெயை ஒத்த வேறு சரக்கு. பாமாயிலைக் குளிரவைத்து, உறைகின்ற பகுதியை வடிகட்டி நீக்கினால், திரவமாக நிற்பது பாமோலின். நாம் பாக்கெட்டில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பாமோலின்தான். உலக உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் நடக்கிறது. உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா.

ஆனாலும் அந்த வதந்திக்குப் பின்னால் ஒரு சிறு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமையல் எண்ணெயைக் கப்பலிலும் டேங்கர் லாரியிலும் மொத்தமாகக் கொண்டுசெல்லும்போது, அதே தொட்டியில் இதற்கு முன் என்ன ஏற்றப்பட்டிருந்தது என்பது ஒரு பெரிய பாதுகாப்புக் கேள்வி. எரிபொருள் ஏற்றிய தொட்டியைச் சரியாகக் கழுவாமல் எண்ணெய் ஏற்றினால், கனிம எண்ணெயின் எச்சம் உணவில் கலந்துவிடும். 2024 ஜூலையில் சீனாவில், எரிபொருள் ஏற்றிய டேங்கர்களைக் கழுவாமலேயே சமையல் எண்ணெய் ஏற்றியது வெளிவந்து பெரும் கொந்தளிப்பு உண்டானது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், 1987லேயே இத்தகைய போக்குவரத்துக்கு நடைமுறை விதிகளை வகுத்துவிட்டது. முந்தைய சரக்கு எவையாக இருக்கலாம் என்ற பட்டியல் அதன் முக்கியப் பகுதி. சமையல் எண்ணெயில் கனிம எண்ணெய் இருக்கவே கூடாது என்பது நம் நாட்டுத் தர விதியும்கூட. ஆகவே பாமாயில் பெட்ரோலியத்திலிருந்து வருவதில்லை. பெட்ரோலியம் பாமாயிலுக்குள் வந்துவிடாமல் காக்கத்தான் சட்டம் இருக்கிறது.

பழத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிட்டுப் போகிறேன். குலை வெட்டியதுமே பழத்தில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது வழக்கம். தாமதித்தால் கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடும். அதை நீக்கவும் வாடையைப் போக்கவும் சுத்திகரிப்பு ஆலையில் 200 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் ஆவி செலுத்துகிறார்கள். அந்த வெப்பத்தில் கிளைசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்னும் இரண்டு வேண்டாத சேர்மங்கள் உண்டாகின்றன. சுத்திகரித்த எண்ணெய்கள் எல்லாவற்றிலும் இவை உண்டு, பாமாயிலில் கூடுதலாகக் காணப்படுகின்றன. 2016ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரித்த பிறகு, 2018ல் கிளைசிடைல் எஸ்டருக்குக் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது. 3-எம்சிபிடிக்கான வரம்பு 2020ல் வந்தது. கோடெக்ஸும் 2019ல், தோட்டத்திலிருந்து ஆலை வரை இவற்றைக் குறைக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. இது ஆலையில் தீர வேண்டிய சங்கதி. செல்லூரில் உங்கள் அடுப்படியில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதும் அப்படித்தான்: அது எண்ணெயின் இயல்பே தவிரக் கலப்படம் அல்ல, அதற்காகச் சட்டம் அதைத் தடை செய்யவும் இல்லை.

இனி டின்னுக்கு வருகிறேன். 1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகு எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் செயலிழந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம், நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூப்பூத்து முள்ளோடு நிற்கும் பிரமதண்டுச் செடியின் விதை எண்ணெய் அதில் கலந்திருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், சமையல் எண்ணெயை அடைத்து, முத்திரையிட்டு, பெயரிட்டே விற்க வேண்டும் என்ற ஆணையை மத்திய அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் அந்த ஆணையையும், 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 2011ல் நடைமுறைக்கு வந்த அதன் விதிமுறைகளின்படி, அடைக்கப்படாத, பெயர்ச்சீட்டு இல்லாத சமையல் எண்ணெயை விற்பதே குற்றம். மாநில அரசு பொதுநலன் கருதிக் குறிப்பாக விலக்கு அளித்தால் மட்டுமே அது விதிவிலக்கு.

இத்தனைக்கும் பிறகு, கீழமாசி வீதிப் பக்கம் போய் ‘லூஸ்ல அஞ்சு கிலோ’ என்று கேட்டால் எங்காவது கிடைக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பாக்கெட்டைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு. நாமே பாத்திரம் கொண்டுபோகலாம். கடைக்காரர் நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். டின்னைத் திறந்து இறைக்கும் அந்தக் கணத்தில், எண்ணெய்க்கும் அதன் வரலாற்றுக்கும் இருந்த கயிறு அறுந்துபோகிறது. தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, பதினான்கு இலக்க உரிம எண் ஆகியவை டின்னோடு கடையில் நின்றுவிடுகின்றன. உங்கள் தூக்குவாளிக்கு எண்ணெய் மட்டும் வருகிறது. நாளை ஒரு தொகுதி பழுதென்று தெரிந்து ஆலைக்காரர் திரும்பப் பெற முயன்றால், உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அவருக்கு வழியே இல்லை.

டின்னைப் பற்றிய இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி சமையல் எண்ணெயையோ கொழுப்பையோ அடைக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள் தடை செய்கின்றன. பழைய டின்னின் மூலையில் ஒட்டியிருக்கும் சிக்குப் பிடித்த எண்ணெய் புதிய எண்ணெயையும் காறலடிக்க வைத்துவிடும். துருவில் உள்ள இரும்பு அந்த வேலையை இன்னும் விரைவுபடுத்தும். வாங்கும்போது டின்னின் மூடியைப் பாருங்கள். ஈயம் பற்றவைத்த தடம் இரண்டாக இருந்தாலோ, பெயர்ச்சீட்டைச் சுரண்டி வேறொன்றை ஒட்டியிருந்தாலோ, அந்த டின் உங்களுக்கு வேண்டாம். (அதே விதிமுறைகள்தான் அச்சடித்த செய்தித்தாளில் வடையை வைத்து எண்ணெய் பிழிவதையும் தடை செய்கின்றன. நம் டீக்கடைகளில் இது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.)

லூஸ் எண்ணெயில் நடக்கும் உண்மையான மோசடியில் பாமாயில் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை, கருவியாகத்தான் இருக்கிறது. விலை குறைந்த பாமோலினைக் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கலந்து அந்த விலைக்கு விற்பதுதான் வழக்கமான தந்திரம். இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எண்ணெய்களை அடையாளம் காண அயோடின் எண் என்றொரு அளவு உண்டு. விதிமுறைப்படி கடலை எண்ணெய்க்கு அது 85 முதல் 99 வரையும், நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120 வரையும், பாமோலினுக்கு 54 முதல் 62 வரையும் இருக்கலாம். அயோடின் எண் 92 உள்ள சுத்தமான கடலை எண்ணெயில், 58 உள்ள பாமோலினை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், கலவையின் எண் 85.2. அதாவது, இருபது விழுக்காடு கலப்படம் செய்தும் அந்தச் சோதனையில் அது தேறிவிடும்! கலப்படக்காரருக்கு ரசாயனம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். எவ்வளவு கலந்தால் எந்தச் சோதனையில் மாட்டும் என்பது அந்தத் தொழிலில் கைப்பழக்கமாகவே இருக்கிறது.

ஆனால் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் வாயுநிறப்பகுப்புக் கருவியில் அதே மாதிரியை வைத்தால் கதை மாறும். பாமோலினில் பால்மிட்டிக் அமிலம் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு. கடலை எண்ணெயில் பதினான்குக்கு மேல் இருக்கலாகாது. பதினொன்று உள்ள கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பாமோலின் சேர்ந்தால் பால்மிட்டிக் அமிலம் பதினேழை நெருங்கிவிடும். ஒருமுறை என் வீட்டுக்கு ‘செக்கில் ஆட்டியது, பார்த்து வாங்கினேன்’ என்று உறவினர் ஒருவர் கொண்டுவந்த கடலை எண்ணெயைச் சும்மா ஆசைக்குச் சோதித்தேன். மணம் அருமை, நிறம் அருமை, அயோடின் எண்ணும் சரி. பால்மிட்டிக் அமிலம் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. செக்கு சுற்றியது உண்மைதான், அவர் கண்ணால் பார்த்ததும் உண்மைதான். பாத்திரத்தில் பிடித்துக் கொடுத்த இடத்தில்தான் எதுவோ நடந்திருக்கிறது. அன்றிலிருந்து மணத்தை வைத்து எண்ணெயை மெச்சுவதை நான் நிறுத்திவிட்டேன்.

பாமாயிலைக் கலந்து விற்பது எல்லாமே குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். இரண்டு எண்ணெய்களைச் சட்டப்படியே கலந்து விற்கலாம். ஒவ்வொன்றும் எடையில் இருபது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எதில் எவ்வளவு என்று பொட்டலத்தில் எழுத வேண்டும், முத்திரையிட்ட பொட்டலத்திலேயே விற்க வேண்டும். லூஸில் விற்கலாகாது என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. கலந்ததைச் சொல்லிவிட்டால் வியாபாரம், மறைத்தால் கலப்படம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளில் கிடைக்கும், விளக்கேற்றுவதற்கான தீப எண்ணெய் வகைகள் இந்தக் கட்டுக்குள் வராதவை. ‘விளக்கேற்ற மட்டும்’ என்று எழுதியிருப்பதன் பொருள், அது உணவுக்கான தரத்தில் சோதிக்கப்படவில்லை என்பதே. மலிவாக இருக்கிறதே என்று அதை அடுப்படிக்குக் கொண்டுவருவோரை நான் கண்டதுண்டு.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம். அவர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகங்களாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார், பதினான்கு நாள்களுக்குள் அறிக்கை வர வேண்டும். மதுரையிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அதிகம் பேர் அறியாத வழி ஒன்றும் உண்டு: சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தித் தன் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம், ஆய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும், பழுது தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரம் குறைந்தது என்று தீர்ந்தால் ஐந்து லட்சம் ரூபாய் வரை, தவறான பெயர்ச்சீட்டு என்றால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பில் இல்லாமல் வாங்கிய லூஸ் எண்ணெய்க்கு இந்த வழிகளில் பாதி அடைபட்டுப்போகும்.

அடுத்து, பொரித்த எண்ணெய். எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்களை மொத்தமாக அளப்பதற்கு முனைவுச் சேர்மங்கள் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். அது 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே ‘எத்தனை முறை’ என்பதற்குச் சட்டம் நேரடியாக ஓர் எண்ணைத் தரவில்லை, அளவைத்தான் தருகிறது. கூடியவரை ஒரே முறை, தவிர்க்க முடியாவிட்டால் மூன்று முறை என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் பொதுமக்களுக்குத் தரும் அறிவுரை. பாமோலின் இதில் கொஞ்சம் விசித்திரமானது. புதிதாக இருக்கும்போதே மற்ற எண்ணெய்களைவிட அதன் முனைவுச் சேர்ம அளவு சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் சூட்டில் அது ஏறும் வேகம் சூரியகாந்தி எண்ணெயைவிடக் குறைவு. பலகாரக்காரர்களும் பரோட்டாக் கடைக்காரர்களும் பாமாயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு விலை மட்டுமே காரணமல்ல.

நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காரச்சேவு போட்ட எண்ணெய் இரண்டாம் ஈட்டிலேயே சிவந்து கறுக்கும், ஏனென்றால் மிளகாய்த்தூளும் கடலைமாவுத் துகளும் அதில் கருகுகின்றன. அரிசிமாவு முறுக்குப் போட்ட எண்ணெயோ வெகுநேரம் வெளுப்பாகவே நின்று, உள்ளே கெட்டுப்போயிருக்கும். முறுக்கை இறக்கிய பிறகும் நுரை அடங்காமல் நிற்பது, முன்பு புகையாத சூட்டில் இப்போது புகைவது, ஆறிய எண்ணெய் விரலில் பிசுபிசுப்பது ஆகிய மூன்றும் நிறத்தைவிட நம்பத்தக்க அறிகுறிகள். ஒவ்வொரு ஈட்டுக்கும் துகளை அரிகரண்டியால் எடுத்துவிடுங்கள், அன்றன்று வடிகட்டுங்கள், பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றிக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். பழையது புதியதையும் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும். முறுக்கை முதலிலும் காரச்சேவைக் கடைசியிலும் போட்டாலே உங்கள் எண்ணெய் ஒரு ஈடு கூடுதலாக உழைக்கும்.

கழிந்த எண்ணெயை என்ன செய்கிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். மாலை நேரத் தள்ளுவண்டிக்காரர் அதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வது நம் ஊரில் புதிதல்ல. அப்படி விற்றால், நீங்கள் தூக்கி எறிய நினைத்ததை வேறொருவர் பிள்ளைக்கு ஊட்டுகிறீர்கள். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக மாற்றும் திட்டம் 2018 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் நிறுவனங்கள் வாங்கியது, பயன்படுத்தியது, கழித்தது ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் கட்டாயம். நீங்கள் அந்த அளவுக்குக் கீழேதான் இருப்பீர்கள். ஆனாலும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுத்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

ரேஷன் பாமாயில் பற்றி: அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய்க்கு வருவது. அரசு மானியத்தோடு குடும்பத்துக்குத் தரும் அந்தப் பாக்கெட்டைப் பலரிடமிருந்தும் சேர்த்துத் தொழிலுக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வழக்காகும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு முன்பே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை வந்து நிற்கும். தரத்தில் அது தாழ்ந்தது என்ற எண்ணம் தவறு. அதில் வைட்டமின் ஏயும் டியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கச்சா பாமாயில் கரோட்டினால் செக்கச்செவேலென்று இருக்கும்; கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகும். அந்தச் சிவப்பை ஆலையில் வெளுத்து நீக்கிவிட்டு, பிறகு வைட்டமின் ஏயைத் தனியாகச் சேர்க்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். கொடைக்கானலில் இருக்கும் உங்கள் அக்கா, பாக்கெட் கலங்கி உறைகிறது, கலப்படம்தானே என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை. பாமோலின் பதினெட்டு டிகிரியை ஒட்டிக் கலங்கத் தொடங்குவது அதன் இயல்பு. மதுரைக் குளிரில் நாம் அதைக் காண்பதில்லை, மலையில் மார்கழி மாதம் கட்டாயம் காணலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் முறுக்குப் பாக்கெட்டில் ‘சுத்தமான கடலை எண்ணெயில் செய்தது’ என்று அச்சடித்திருப்பதை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். கடலை எண்ணெய் விலை ஏறிய மாதங்களில் பாமாயிலுக்கு மாறிக்கொள்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றவரின் டின்னைக் கேள்வி கேட்கும் அதே சட்டத்தின்படி, அந்த மாதங்களில் உங்கள் பாக்கெட் தவறான பெயர்ச்சீட்டு உடையது. சேர்மானப் பட்டியலில் ‘தாவர எண்ணெய்’ என்று பொதுவாக எழுதித் தப்பிக்கவும் 2020ஆம் ஆண்டின் பெயர்ச்சீட்டு விதிமுறைகள் இடம் தருவதில்லை. எந்த எண்ணெய் என்று பெயர் சொல்ல வேண்டும். அச்சடித்த உறைகள் மீதமிருந்தால், பாமோலினில் போடும் ஈடுகளுக்கு அந்த வரியை மறைத்து ‘சமையல் எண்ணெய்: பாமோலின்’ என்ற ஒட்டுச்சீட்டை இப்போதைக்கு ஒட்டுங்கள். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது, எண்ணெயின் பெயருக்கும் உங்கள் பதிவு எண்ணுக்கும் உரிய இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.